இடம் மாறி உட்கார்ந்தவர்கள்

ஜன்னல் பக்கம் விட்டுக் குடுத்தீங்களே, அதுக்கு நன்றி சொல்லணும் சார். எல்லாரும் விட மாட்டாங்க. நான் ராத்திரி வேலைக்காரன். பகல்ல தலை சாய ஒரு கண்ணாடி இருந்தா போதும். இந்தத் திரையை இழுத்து விட்டுக்கிறேன், தப்பா நினைக்காதீங்க. வெயில் பட்டா கண்ணு எரியும்.

திண்டிவனம் தாண்டிட்டோமா? தாண்டியாச்சா. நல்லது. நான் விழுப்புரம் பைபாஸ்ல இறங்கணும். இந்த பஸ் ஊருக்குள்ள போகாதாம். டிக்கெட் கிழிக்கும்போதே கண்டக்டர்கிட்ட சொல்லிட்டேன். "பதினேழாம் சீட்டுதானே, நீங்க பாட்டுக்குத் தூங்குங்க, நானே வந்து எழுப்பறேன்"னார். அப்ப நான் நீங்க இருக்கிற சீட்ல இருந்தேன். நல்ல மனுஷன். நீங்க திருச்சியா? குடுத்து வெச்சவர். நிம்மதியா போகலாம்.

தூங்கத்தான் பாத்தேன். வரல. இன்னிக்கு என் தங்கச்சிக்கு நிச்சயம். விழுப்புரத்துல எங்க சித்தப்பா வீட்ல. எல்லாரும் நேத்தே போயிட்டாங்க. நான் ஷிஃப்ட் முடிச்சிட்டு நேரா வர்றேன்னு சொல்லியிருக்கேன். தட்டு மாத்தறதுக்கு முன்னாடி போயாகணும் சார். ஆசீர்வாதம் பண்றதுக்கு இல்ல. நிறுத்தறதுக்கு.

அப்படிப் பாக்காதீங்க. நான் கெட்டவன் இல்ல. மாப்பிள்ளையும் கெட்டவர் இல்ல. ஒரு தொழில்நுட்பக் கோளாறு நடந்து போச்சு. அதைச் சம்பந்தப்பட்டவங்களுக்குத் தெரிவிக்கணும், அவ்வளவுதான். தெரிஞ்சா அவங்களே நிறுத்திக்குவாங்க. அதானே முறை?

நான் வேலை பாக்கிறது ஒரு கல்யாணப் பொருத்த வெப்சைட்ல. பேர் வேண்டாம். டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்தவன். மத்ததெல்லாம் ராத்திரியில பக்கத்துல ஆள் இல்லாதப்ப நானே படிச்சுக்கிட்டது. தேடறதுக்குன்னே எழுதி வெச்ச மென்பொருள் நூலகம் ஒண்ணு இருக்கு, யார் வேணா எடுத்துக்கலாம். அதை எடுத்து எங்க கம்பெனி உடம்புக்கு ஏத்த மாதிரி தெச்சுக் குடுத்தது நான்தான். மணமகள் வேணும், வயசு இவ்வளவு, ஊர் இது, முதல் தாரமான்னு நீங்க ஒவ்வொண்ணா தட்டுவீங்க இல்ல? தட்டத் தட்ட ஆள் குறைஞ்சுக்கிட்டே வருவாங்க இல்ல? அந்தக் குறைக்கிற வேலை என்னோடது. ஃபில்டர்னு சொல்லுவோம்.

இந்த பஸ்ஸையே எடுத்துக்குங்க. இதுல சைவம் சாப்பிடறவங்க யாருன்னு ஒருத்தர் கேக்கிறார். முதல் சீட்ல இருந்து ஒவ்வொருத்தரா எழுப்பிக் கேக்கணும். கேட்டாச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொருத்தர் அதையே கேக்கிறார். மறுபடியும் எழுப்பினா அடிக்க வருவாங்க. அதனால என்ன பண்றோம்? முதல் தடவை கேக்கும்போதே ஞாபகம் வெச்சுக்கிறோம். ஆளை இல்ல சார், சீட்டை. மூணு, ஏழு, பன்னெண்டு. ஆளோட முகம், பேர், ஊர் எல்லாம் ஞாபகம் வெச்சா பாரம். சீட் நம்பர் லேசு. அப்புறம் யாராவது வந்து சைவமாவும் இருக்கணும், திருச்சியும் போகணும்னா, சைவ சீட்டெல்லாம் கையில இருக்கு, திருச்சி சீட்டெல்லாம் கையில இருக்கு, ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாத்தா முடிஞ்சது. ஒருத்தரையும் எழுப்ப வேண்டாம். இந்த ஞாபகத்துக்குத்தான் கேஷ்னு பேரு.

இதுக்கு ஒரே ஒரு நிபந்தனை. யாரும் இடம் மாறக் கூடாது.

மாறினா, பழைய ஞாபகத்தைத் தூக்கிப் போட்டுட்டு முதல்ல இருந்து எழுப்பிக் கேக்கணும். மாறினப்புறமும் பழைய ஞாபகத்தையே வெச்சுக்கிட்டிருந்தா, அதை விட முட்டாள்தனம் உலகத்துல கிடையாது. சைவம்னு நினைச்சு யார் தட்டுல எதை வெப்பீங்களோ!

ஆடியில கல்யாணம் கிடையாதா, எங்க ஆபீஸ்ல அதுதான் வெள்ளையடிக்கிற மாசம். கல்யாணம் ஆனவங்க, வேண்டாம்னு விலகினவங்க, செத்துப் போனவங்க... ஆமா சார், அவங்களும் இருப்பாங்க, வீட்ல யாருக்கும் எடுத்து விடத் தோணாது... அவங்களையெல்லாம் எடுத்துட்டு, நடுவுல காலி சீட் இல்லாம மிச்சப் பேரை முன்னாடி நகர்த்தி உக்கார வெப்போம். இந்த வருஷம் பகல் ஷிஃப்ட்காரங்க பயந்துட்டாங்க. ஆவணி பொறந்தா கூட்டம் தாங்காது, காலையில வர்றவங்களுக்கு எல்லா ஃபில்டரும் சூடா தயாரா இருக்கணும்னு பிடிவாதம். சரின்னு சூடு பண்ணி வெச்சேன், அதாவது யாரும் தேடறதுக்கு முன்னாடியே சீட் நம்பரெல்லாம் ஞாபகத்துல ஏத்திட்டேன். சூடு பண்ணிட்டு, அப்புறம் ஆளுங்களை நகர்த்தினேன். நகர்த்திட்டுச் சூடு பண்ணியிருக்கணும். அவசரப்படுத்தினா அப்படித்தான் ஆகும். அது பகல் ஷிஃப்ட்டோட தப்பு.

ஆவணியில ஆரம்பிச்சு ஐப்பசி வரைக்கும் அப்படியே ஓடியிருக்கு. டாக்டர் மாப்பிள்ளை கேட்டவங்களுக்கு டிராவல்ஸ் வெச்சிருக்கிறவர் வந்தார். அமெரிக்கா கேட்டவங்களுக்கு ஆம்பூர். எனக்கு அப்ப தெரியாது. எப்படித் தெரியும்? ஒருத்தர்கூடப் புகார் பண்ணல. போட்டோ மங்கலா தெரியுதுன்னு மட்டும் யாரோ எழுதினாங்க. எங்க மேனேஜர் அபிநயா, சின்னப் பொண்ணுதான், ஓடி வந்து, "வாகீசன் சார், என்ன பண்ணீங்க? ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறது இந்த மாசம் எங்கேயோ ஏறிப் போச்சு. என்ன பண்ணீங்களோ அதையே பண்ணிட்டிருங்க"ன்னுச்சு. ஒண்ணும் பண்ணலியேம்மான்னேன். தன்னடக்கம்னு நினைச்சுக்கிச்சு.

ஜாதி ஃபில்டர் மட்டும் தப்பல சார். அதைச் சேமிச்சு வெக்கிறதே இல்ல. ஒவ்வொரு தடவையும் முதல் சீட்ல இருந்து எழுப்பிக் கேட்டுட்டுத்தான் வரும். மெதுவா வந்தாலும் பரவாயில்ல, அதுல மட்டும் பிசகக் கூடாதுன்னு கம்பெனி உத்தரவு. மத்த எதுக்கும் அப்படி உத்தரவு கிடையாது.

என்ன சார்? கண்டக்டர் உங்களைத்தான் கூப்பிடறார். "உங்க இடம் வருது"ன்னாரா? திருச்சின்னு சொல்லிட்டீங்கல்ல. சரி, போகட்டும். பாவம், இவ்வளவு கூட்டத்துல யார் எங்கன்னு அவருக்கு எப்படி ஞாபகம் இருக்கும். தலையைச் சொறிஞ்சுக்கிட்டே போறார் பாருங்க.

எங்க விட்டேன்? ஆங், என் தங்கச்சி. திலகவதி. அப்பா அம்மா போனதுக்கப்புறம் நானும் அவளும்தான், பல்லாவரத்துல. என் கல்யாணம் ஒரு வருஷம்கூட ஓடல. அதை விடுங்க. திலகாவை எங்க வெப்சைட்ல பதிஞ்சது நான். என்ன மாதிரி மாப்பிள்ளை வேணும்னு அவளைக் கேக்கல. கேட்டா வெக்கப்படுவா. நானே யோசிச்சுப் போட்டேன். மெட்ராஸ்ல இருக்கணும். மெட்ராஸ்னா அண்ணா நகர், அம்பத்தூர் இல்ல, பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம். அவ நினைச்சா ஓடி வந்துட்டுப் போகணும்ல? முதல் தாரமா இருக்கணும். பகல் வேலையா இருக்கணும். ராத்திரி வேலைக்காரனைக் கட்டிக்கிட்டு எந்தப் பொண்ணு நல்லா இருந்திருக்கா, எனக்குத் தெரியாதா? சமைக்கத் தெரிஞ்சிருக்கணும். அவ வீட்ல இல்லாத நேரம் மாப்பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது பாருங்க. கோபம் வரக் கூடாது. இன்னும் இந்த மாதிரி சிலது. எல்லாம் அவ நல்லதுக்கு.

எல்லாத்தையும் சேத்துத் தேடினா ஒருத்தரும் வர மாட்டாங்க. காலி. காலியையும் சேமிச்சு வெக்கலாம் சார். அதைப் போல வேகமான தேடல் கிடையாது. வேலைக்கு உக்காந்ததும் முதல்ல அவளுக்குத்தான் தேடுவேன். தட்டறதுக்குள்ள பதில் வந்துடும். காலி. பாத்துட்டு நிம்மதியா... கவலையாத்தான்... அன்னிக்கு வேலையை ஆரம்பிப்பேன். வருஷக் கணக்கா இப்படித்தான்.

கொஞ்சம் இருங்க, கண்ணு ரெண்டும் இழுக்குது. பேசிட்டே இருக்கேன், ஒரு நிமிஷம் சாஞ்சுக்கிறேன்.

...

கண் அசந்துட்டேன் போல. ரொம்ப நேரமா? இல்லேல்ல? கண்டக்டர் இன்னும் எழுப்பல, அதனால நேரம் இருக்கு.

பண்ருட்டியில ஒருத்தர் சார். புகழேந்தின்னு பேரு. பம்ப்செட் மோட்டாருக்கு காயில் கட்டற கடை. மனைவி தவறிட்டாங்க. பள்ளிக்கூடம் போற பொண்ணு ஒண்ணு இருக்கு. அவர் கேட்டது, கடலூர் மாவட்டத்துல, கணவனை இழந்தவங்க. நியாயமான தேடல். அந்த ஃபில்டர்ல நெல்லிக்குப்பத்து அம்மா ஒருத்தங்க சீட் நம்பர் இருந்தது. ஆடியில ஆளுங்களை நகர்த்தினோமா, அந்த சீட்ல எங்க திலகா போய் உக்காந்துட்டா. ஊரும் வேற, கல்யாணமே ஆகாதவ. அவர் கேட்டதுல ஒண்ணுகூடப் பொருந்தல. பொறுப்பான மனுஷன் என்ன பண்ணணும்? இது ஏதோ தப்புன்னு தள்ளிட்டுப் போகணும். இவர் போன் பண்ணிட்டார்.

போன் நம்பர் என்னோடதுதான். ஆனா பகல்ல என் போன் திலகாகிட்ட இருக்கும். நான் தூங்கும்போது மணி அடிக்கக் கூடாதுன்னு எடுத்துட்டு மொட்டை மாடிக்குப் போயிடுவா. அந்த ஆவணி, புரட்டாசி பூரா சாயங்காலம் எழுந்து பாத்தா போன்ல உயிரே இருக்காது. பாட்டரி போச்சுன்னு புதுசு மாத்தினேன். அப்பவும் அப்படித்தான். கடைக்காரன்கிட்ட போய்ச் சண்டை போட்டேன், பழசைப் புதுசுன்னு ஏமாத்திட்டியேன்னு. அவன் பாவம், இன்னொண்ணு மாத்திக் குடுத்தான். மொட்டை மாடியில உனக்கு என்ன வேலைன்னு திலகாவைக் கேட்டதுக்கு வத்தல் காய வெச்சிருக்கேன்னா. புரட்டாசி மழையில வத்தல். நானும் சரின்னு கேட்டுக்கிட்டேன்.

ஐப்பசியில ஒரு காலையில தோசையைத் தட்டுல போட்டுட்டு நின்னா.

"அண்ணா, ஒருத்தர் உன்கிட்ட பேசணும்ங்கறார்."

"யாரு?"

"பண்ருட்டி."

"பண்ருட்டி நம்ம ஃபில்டர்லயே கிடையாதே."

"கிடையாதுதான்"னா. இன்னொரு தோசை போட்டா.

எனக்குத் தோசை இறங்கல. அன்னிக்கு ஆபீஸ் போனதும் பழைய பதிவெல்லாம் எடுத்து ஒவ்வொரு படியா பின்னாடி போய்ப் பாத்தேன். அப்பத்தான் இந்த ஆடி விவகாரமே வெளியில வந்தது. உடனே சரி பண்ணிட்டேன். அபிநயாவுக்கு வருத்தம். "சரியா ஓட ஆரம்பிச்சதுல இருந்து யாருமே பேசிக்க மாட்டேங்கறாங்க சார்"ங்குது. நான் என்ன பண்ண முடியும்? தப்பு தப்புதானே.

மறுநாள் காலையில திலகாவை உக்கார வெச்சு விளக்கினேன். அஞ்சறைப் பெட்டியை எடுத்து வெச்சு, கடுகு இருந்த கிண்ணத்துல சீரகத்தை மாத்தி, உங்களுக்கு இப்ப பஸ்ஸை வெச்சு சொன்னேனே அது மாதிரி. பொறுமையா கேட்டா. எல்லாத்தையும் கேட்டா.

"அவருக்கு உன்னைக் காட்டியிருக்கவே கூடாது திலகா. அது கோளாறு."

"சரிண்ணா. சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

"இனிமே யாருக்கும் அப்படி வராதுல்ல?"

"வராது."

"நல்ல வேளை"ன்னா சார். "முன்னாடியே வந்துட்டார்."

சீரகத்தைத் திரும்ப அதோட கிண்ணத்துல கொட்டிட்டு எழுந்து போயிட்டா. விளங்கல அவளுக்கு. விளங்கியிருந்தா அப்படிப் பேசுவாளா? அப்புறம் அவ சித்தப்பாவுக்குப் போன் போட்டா, சித்தப்பாவே எல்லாம் பேசி முடிச்சுட்டார். அந்த ஆளு வீட்டுக்கு வந்தார், நான் எழுந்திருக்கிற வரைக்கும் வெளியில நின்னுட்டிருந்தாராம், மணி அடிக்காம. வந்ததும் எங்க தண்ணி மோட்டார் சத்தத்தைக் கேட்டுட்டு, "பேரிங் போயிருக்கு, நான் மாத்தித் தர்றேன்"னார். மாத்திட்டார். இப்ப சத்தமே வரல. மோட்டார் ஓடுதா இல்லையான்னே தெரியல எனக்கு. அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வந்திருந்தார். அது திலகா பின்னாடியே சமையக்கட்டுக்குள்ள போயிடுச்சு. சாயங்காலம் கிளம்பச் சொன்னா கிளம்பல.

இதெல்லாம் ஒரு அத்தாட்சியா? சொல்லுங்க. நாளைக்கு ஒரு சண்டை வந்தா, "நீ எப்படி என் தேடல்ல வந்தே"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டா? அதனால எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து பையில வெச்சிருக்கேன். எந்த சீட், எப்ப நகர்ந்தது, எப்படி மாறினது, எல்லாம். சபையில வெச்சு சொல்லிடப் போறேன். நான் வராம தட்டு மாத்தக் கூடாதுன்னு சித்தப்பாகிட்ட கண்டிப்பா சொல்லியிருக்கேன்.

எனக்காகச் சொல்லல சார். எனக்கென்ன? ஒண்டிக்கட்டை. காலையில வீட்டுக்கு வந்தா கதவு திறக்கணும், அவ்வளவுதான். கேட் கிறீச்சுன்னதும் திறந்துடுவா. நான் மணி அடிச்சதே இல்ல. உள்ள போனா தோசைக்கல் காஞ்சுக்கிட்டிருக்கும். இன்னிக்கு எத்தனை பேருக்குப் பொருத்தம் அமைஞ்சதுன்னு கேப்பா. நான் சொல்லுவேன். யாராவது ஒருத்தரைப் பத்தி நல்லதா சொன்னா, "இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்"பா, என்னமோ நேர்ல தெரிஞ்சவங்க மாதிரி. அப்புறம் ஜன்னல்ல போர்வையைக் கட்டி இருட்டு பண்ணிக் குடுப்பா. தூங்கிடுவேன். இதெல்லாம் ஒரு விஷயமா? ஓட்டல் இருக்கு. போர்வையை நானே கட்டிக்குவேன். எனக்காகச் சொல்லல.

பஸ் ஏன் நிக்குது? டோல்கேட்டா? விக்கிரவாண்டி டோல்கேட் இவ்வளவு தூரத்துலயா இருக்கு?

என்ன சொன்னீங்க? உளுந்தூர்பேட்டை தாண்டியாச்சா?

கண்டக்டர்! இங்க வாங்க சார். விழுப்புரம் பைபாஸ்ல எழுப்பறேன்னு சொன்னீங்களே? என்ன, எழுப்பினீங்களா? எப்ப? அது இவரு! இவரு திருச்சி! பதினேழாம் சீட்டுன்னா பதினேழாம் சீட்டையே பாப்பீங்களா? ஆள் யாருன்னு முகத்தைப் பாக்க மாட்டீங்களா? நான் மாறி உக்காந்தா உங்ககிட்ட வந்து சொல்லணுமா? நீங்கதான் சார் மறுபடியும் வந்து பாத்திருக்கணும். ஒரு தடவை பாத்ததை வெச்சே ஊர் போய்ச் சேர்ந்துடுவீங்களா?

சரி, போங்க. அடுத்த ஸ்டாப்பிங்ல இறக்கி விடுங்க. பின்னாடி வர்ற பஸ்ஸுல போய்க்கிறேன்.

பாத்தீங்களா சார், ஒரு மனுஷனோட அலட்சியம் எங்க கொண்டு வந்து விட்டிருக்கு. நீங்க ஏன் சிரிக்கிறீங்க? இல்ல, சிரிச்சீங்க. நான் பாத்தேன்.

இருங்க, போன் அடிக்குது. திலகா.

சொல்லும்மா. வந்துட்டே இருக்கேன். ம். இல்ல, உளுந்தூர்பேட்டைகிட்ட. கண்டக்டர் தப்பு, அப்புறம் சொல்றேன். எல்லாரும் வந்தாச்சா? ம். எது வரைக்கும் நல்ல நேரம்? பத்தரையா. ம். அது... முடியாதும்மா. திரும்பி வந்து சேரவே பதினொண்ணு ஆயிடும்.

ஏன், நீ ஏன் தட்டைத் தொட மாட்டேங்கிற? சித்தப்பா மாத்திக்கலாமே. என்ன பிடிவாதம் இது? நான் என்ன சொல்லப் போறேன்னு உனக்குத் தெரியும்ல? தெரியும்ல? தெரிஞ்சுமா உக்காந்திருக்கே?

ம்.

ம்.

யாரு அழறது? அவரு பொண்ணா? ஏனாம்? நல்ல நேரம் போயிடுச்சுன்னா உன்னை ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு யாரோ சொன்னாங்களா? யார் சொன்னது சின்னக் குழந்தைகிட்ட அந்த மாதிரி?

திலகா, இங்க கேளு. போன் இரையுது, சத்தமா சொல்றேன். ஆரம்பிக்கச் சொல்லு. ஆமா. நான்தான் சொல்றேன். சித்தப்பாவை மாத்திக்கச் சொல்லு. நல்ல நேரம் எனக்காக நிக்காது. அது ஒரு கணக்கு. நான் சாப்பாட்டுக்கு வந்துடறேன். எனக்கு இலை போட்டு வெக்கச் சொல்லு. இல்லம்மா, கோபம் இல்ல. எனக்கு எதுக்குக் கோபம்? தூக்கம்தான். நீ அழாதே, கண்ணுல மை போட்டிருப்பே.

என்ன? சாவியா? எந்தச் சாவி? பையில முன்பக்க ஜிப்புலயா?

எப்ப வெச்சே?

ம். சரி. சரிம்மா. போனை வெச்சிடறேன்.

மன்னிக்கணும் சார். இந்தப் பையைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா? முன்பக்க ஜிப்பு... இந்தப் பிரிண்ட்டெல்லாம் எடுத்து உங்க பக்கத்துல வெச்சுக்குங்க, பரவாயில்ல, கசங்கினா கசங்கட்டும். இதோ இருக்கு. பாருங்க. சிவப்புக் கயிறு போட்டுக் கட்டியிருக்கா, இருட்டுல தவறாம இருக்கட்டும்னு. முந்தாநாளே வெச்சுட்டாளாம். பை அவதான் எப்பவும் அடுக்குவா.

ஸ்டாப்பிங் வந்துடுச்சா? இதோ, இறங்கறேன் கண்டக்டர், நிறுத்துங்க. சார், நீங்க ஜன்னலுக்கு வந்துடுங்க, உங்க சீட்டுதானே. திருச்சியில யாராவது எழுப்பணும்னா, மாறி உக்காந்திருக்கேன்னு கண்டக்டர்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அந்தக் காகிதமா? வேண்டாம், நீங்களே வெச்சுக்குங்க, படிக்க நல்லா இருக்கும். கோளாறு விவரத்தை நான் பொங்கலுக்கு அப்புறம் சாவகாசமா சொல்லிக்கிறேன்.

அடடா, அவகிட்ட ஒண்ணு கேக்க மறந்துட்டேன் சார். எங்க வீட்டுப் பூட்டு, சாவியை எந்தப் பக்கம் திருப்பினா திறக்கும்?